கோட்டைக்கு வரத்து எங்கே?

ராஜஸ்தான் கோட்டைகளில் வழிகாட்டிகள் நம்மை அண்ணாந்து பார்க்க வைப்பார்கள். மாடத்தைப் பார், கூரையில் பதித்த கண்ணாடியைப் பார், யானை முட்டாமலிருக்கக் கதவில் அடித்த இரும்பு முள்ளைப் பார். என்னோடு வந்தவரோ குனிந்தே பார்க்கிறவர். என் அக்காவின் கணவர், திண்டிவனத்துக்காரர். பொதுப்பணித் துறையில் ஏரி, மதகு, கலிங்கு என்று வேலைக்காலம் முழுக்க அலைந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கோட்டை வாசலில் நுழைந்தாலும் அத்தான் கேட்டது ஒரே கேள்விதான்: "இவ்ளோ உசரத்துல இத்தன ஜனம், குதிரை, யானை. சரி, தண்ணிக்கு வரத்து எங்க?"

ஜோத்பூரில் தொடங்கி ஆக்ராவில் முடிந்த பயணத்தில் ஒவ்வொரு கோட்டையும் அதற்கு ஒவ்வொரு பதில் வைத்திருந்தது. ராஜபுத்திரர் என்றும் முகலாயர் என்றும் பள்ளிக்கூடத்தில் இரண்டு பாடமாகப் படித்ததை ஒரே பாடமாகப் படிக்க வாய்த்தது அந்தக் கேள்வியால்தான்.

மெஹ்ரான்கர் கோட்டை ஜோத்பூர் நகரத்துக்கு மேல் சுமார் 400 அடி உயரத்தில் நிற்கிறது. பாறை எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது என்று கீழேயிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. 1459இல் ராவ் ஜோதா மண்டோரை விட்டு இந்தக் குன்றுக்குத் தலைநகரை மாற்றினார். குன்றில் அப்போது சீரியா நாத்ஜி என்ற சாது இருந்தாராம். கோட்டை கட்ட அவரைக் கிளப்பினார்கள். "உன் கோட்டைக்குத் தண்ணீர்ப் பஞ்சம் வரும்" என்று சபித்துவிட்டுப் போனார். பயந்துபோன ஜோதா அவருக்கு ஒரு கோயிலும் குடிலும் கட்டிக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. ராஜாராம் மேக்வால் என்ற மனிதரை அடித்தளத்தில் உயிரோடு புதைத்தார்கள். அவருடைய பெயர் பொறித்த நினைவுக்கல் கோட்டைக்குள் இருக்கிறது. வழிகாட்டி அதைத் தியாகம் என்றார். அந்த மனிதர் மேக்வால் சாதியில் பிறந்தவர் என்பதையும் நாம் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. அரண்மனைக்குள் இருந்த ஒருவருக்கும் அந்தத் தியாகம் செய்ய வாய்ப்பு அமையவில்லை.

சாபத்துக்குப் பரிகாரம் தேடியது ராஜா என்றால், தண்ணீருக்கு வழி தேடியது ராணி. ஜோதாவின் மனைவி ஜஸ்மாதே, ஹாடா குலத்துப் பெண், கோட்டை எழும்பும்போதே அதன் அடிவாரத்தில் ராணிசர் ஏரியை வெட்டுவித்தார். பக்கத்திலேயே பதம்சர். கோட்டைச் சுவர்மேல் நின்று பார்த்தால் இரண்டும் பச்சைத் தகடுகளாகத் தெரிகின்றன. ராணிசர் கோட்டைக்கு, அது நிரம்பி வழிந்தால் பதம்சருக்கு, அதாவது ஊர் ஜனங்களுக்கு. அத்தானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மேல் ஏரி கலிங்கு பாஞ்சாத்தான் கீழ் ஏரிக்கு. நம்ம பக்கத்து ஏரிச் சங்கிலி மாதிரியேதான்" என்றார். முதல் பங்கு யாருக்கு என்பதும் நம் பக்கத்து வழக்கம் மாதிரியே இருந்ததை நான் சொல்லவில்லை.

இந்தக் குன்று எரிமலைப் பாறை. ரயோலைட் என்பார்கள். மழைநீரைக் குடிக்காது; விழுந்ததெல்லாம் ஓடும். பயிருக்கு ஆகாத நிலம் ஏரிக்கு நல்ல நீர்பிடிப்பு. பாறையின் சரிவில் சின்னச் சின்ன வாய்க்கால்களை வெட்டி, ஓடுகிற நீரை மடக்கி ராணிசருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கோட்டைக்குக் கீழே அந்தப் பாறை நிலத்தை 2006 முதல் பாலைத் தாவரப் பூங்காவாக மீட்டிருக்கிறார்கள். வெளியேற்ற வேண்டியிருந்த எதிரி யார் என்று கேட்டால் தமிழ்நாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள்: சீமைக்கருவேலம். பாறை இடுக்கில் வேரோடியதை வெட்டினால் மறுபடி துளிர்த்தது. கடைசியில் மணற்கல் சுரங்கத்தில் உளி பிடிக்கிற தொழிலாளிகளை அழைத்து வந்து, பாறையைத் தட்டிப் பார்த்துக் குடைந்து, வேரோடு எடுத்திருக்கிறார்கள்.

அரண்மனைகள் அழகுதான். மோதி மகாலின் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சும் பூல் மகாலின் தங்க வேலையும் அரை நாள் நிற்கச் சொல்லும். லோகா போல் வாசலில் உடன்கட்டை ஏறிய ராணிகளின் கை அச்சுகள் வரிசையாக இருக்கின்றன. 1843இல் மகாராஜா மான் சிங் இறந்தபோது சிதை ஏறியவர்களுடையவை. குங்குமம் பூசிப் பூசி விரல்கள் மழுங்கிவிட்டன. ஃபதே போல் என்னும் வெற்றி வாசல், முகலாயரிடமிருந்து ஜோத்பூரை மீட்ட நினைவாக அஜித் சிங் எழுப்பியது. அந்த அஜித் சிங்கே 1715இல் தன் மகளை முகலாயப் பேரரசர் ஃபரூக்சியருக்கு மணம் செய்து கொடுத்தார். இந்த ஊர்களில் பகையையும் சம்பந்தத்தையும் தனித்தனி அலமாரியில் வைக்க முடியாது.

சீரியா நாத்ஜியின் சாபம் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: இந்திரா காந்தி கால்வாயிலிருந்து ஏற்றிக் கொண்டுவரும் நீர் இப்போது ஜோத்பூருக்குக் கிடைக்கிறது. குழாய் வந்த பிறகு கிணறுகளிலும் படிக்கிணறுகளிலும் ஜனங்கள் இறைப்பதை விட்டுவிட்டார்கள். நிலத்தடி நீர் ஏறி, பழைய நகரத்துக் கடைகளின் அடித்தளங்களில் ஊற்றெடுக்கிறது. பாலைவனத்து நகரத்தில் மோட்டார் வைத்து நீரை வெளியேற்றுகிறார்கள்.

சித்தோர் வேறு மாதிரி. மெஹ்ரான்கர் கம்பீரம் என்றால் சித்தோர் அகலம். தட்டையான நீண்ட மலை, உச்சி முழுவதும் கோட்டை, ஏறக்குறைய 700 ஏக்கர், சுற்றளவு 13 கிலோமீட்டர். ஏழு வாசல்களைத் தாண்டி ஆட்டோ ஏறுகிறது. மேலே இன்றும் ஒரு கிராமம் இருக்கிறது. பள்ளிக்கூடம், மாடு, துணி உலர்த்தும் மொட்டை மாடி எல்லாம் உண்டு. சீத்தாப்பழ மரங்கள் இடிபாடுகளுக்கு நடுவே காடாக வளர்ந்திருக்கின்றன. எங்கள் ஆட்டோக்காரருக்கு வீடே கோட்டைக்குள்தான். "பாபுஜி, ராணி பத்மினி மகாலுக்கு முதலில் போகலாம், எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள்" என்றார். அத்தான் ஹிந்தியில் மெல்ல விசாரித்தார்: குளம் எத்தனை?

84 நீர்நிலைகள் இருந்தன என்பது மரபாகச் சொல்லிவரும் கணக்கு. இன்று எஞ்சியிருப்பவை 22. ஏரி, குளம், குண்டம், படிக்கிணறு என்று எல்லா வகையும். மழைநீர் உச்சியின் சரிவில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கும்படி அமைத்திருக்கிறார்கள். மேற்கு விளிம்பில் கௌமுகம். பாறையிலிருந்து ஊற்றுநீர் வந்து லிங்கத்தின் மேல் விழுகிறது. கீழே பெரிய குளம், அதில் கைநீளத்துக்கு மீன்கள், பொரி போடுகிற குழந்தைகள். அத்தான் அங்கே படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க வெகுநேரமாயிற்று. மலை விளிம்பிலிருந்து சமவெளி தெரிகிறது. முற்றுகையிட்ட படைகள் அங்கேதான் கூடாரமடித்திருக்கும். மேலே இருந்தவர்கள் குளித்துக்கொண்டு அவர்களைப் பார்த்திருக்கலாம்.

மூன்று முறை சித்தோர் விழுந்தது. 1303இல் அலாவுதீன் கில்ஜி; 1535இல் குஜராத்தின் பகதூர் ஷா; 1568இல் அக்பர். முதல் முற்றுகையில் கவிஞர் அமீர் குஸ்ரோ சுல்தானோடு இருந்தார். அவருடைய பதிவில் பத்மினி என்ற பெயர் இல்லை. இருநூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, 1540 வாக்கில், அவத் நாட்டு சூஃபி கவிஞர் மாலிக் முகமது ஜாயசி எழுதிய பத்மாவத் காவியத்தில்தான் ராணி பத்மினிக்காக அலாவுதீன் படையெடுத்த கதை முழு உருவம் பெறுகிறது. குளத்துக்கு நடுவே பத்மினி மகால் என்று காட்டும் வெள்ளைக் கட்டடம் பிற்காலத்தில் திருப்பிக் கட்டியது. ஆனாலும் கண்ணாடியில் ராணியின் முகம் தெரிந்த கதையைச் சொல்லாமல் ஒருவரையும் அங்கிருந்து அனுப்ப மாட்டார்கள்.

மூன்றாவது முற்றுகைதான் எனக்கு விளங்க வேண்டியிருந்தது. அக்டோபர் 1567இல் அக்பர் வந்து இறங்குகிறார். ராணா உதய் சிங் முன்பே வெளியேறி, கோட்டையை ஜெய்மல் ராத்தோரிடமும் பத்தா சிசோதியாவிடமும் ஒப்படைத்துவிட்டார். மேலே தண்ணீர் இருந்தது. காத்திருந்து வெல்வது நடக்காது என்று அக்பருக்குத் தெரிந்தது. அதனால் அவர் மலையைக் குடைந்தார். மதிலுக்கு அடியில் இரண்டு சுரங்கம், நிறைய வெடிமருந்து. ஒன்று வெடித்தது, மதில் பிளந்தது, படை உள்ளே பாய்ந்தது. அப்போது இரண்டாவது வெடித்து அவருடைய வீரர்களே சுமார் 200 பேர் செத்தார்கள். பிறகு சாபத் என்ற கூரை போட்ட வழியைக் கட்டி, அதன் நிழலில் மதில்வரை பீரங்கிகளை நகர்த்தினார்கள். ஒரு பிப்ரவரி இரவில், உடைந்த மதிலைச் செப்பனிட மேற்பார்வை செய்துகொண்டிருந்த ஜெய்மலை அக்பர் தன் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார் என்று அபுல் ஃபசல் எழுதுகிறார். அன்றிரவே உள்ளே, பெண்கள் கூட்டாக இறங்கும் ஜௌஹர்த் தீ எழுந்தது. மறுநாள் கோட்டை விழுந்தது. விழுந்த பிறகு நடந்த கொலைக்கு அபுல் ஃபசலே கொடுக்கும் எண்ணிக்கை 30,000. பெரும்பாலோர் அடைக்கலம் புகுந்த குடியானவர்கள். சமரசத்தின் அடையாளமாக நாம் அக்பரைப் படிக்கும்போது இந்தப் பக்கத்தையும் கிழிக்காமல் படிக்க வேண்டும்.

பெண்கள் தீப்புகுந்ததாகச் சொல்லும் மைதானம் கௌமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வழிகாட்டிகள் குரலை உயர்த்திப் பெருமையாகச் சொல்கிறார்கள், கூட்டமும் கைதட்டுகிறது. எனக்குக் கை எழவில்லை. ராணா கும்பா எழுப்பிய ஒன்பது அடுக்கு வெற்றித் தூணைப் பார்த்தபடி நின்றுகொண்டேன்.

அக்பரின் மகன் ஜஹாங்கீர் காலத்தில், 1615இல், சித்தோரை ஆண்ட மேவார் ராணாக்களோடு சமாதானம் வந்தது. சித்தோரை மறுபடி செப்பனிடக் கூடாது என்பது நிபந்தனை. ராணாக்கள் மீறிப் பழுது பார்த்தபோது 1654இல் ஷாஜஹான் ஆள் அனுப்பிப் புதுச் சுவர்களை இடித்தார். மதிலைத்தான் இடித்தார்கள், குளங்கள் தப்பின. உதய் சிங்கின் வம்சமோ உதய்பூரில் பிச்சோலா ஏரிக்கரையில் உட்கார்ந்து கொண்டது. அவர்களும் வரத்தைப் பார்த்துத்தான் இடம் தேடியிருக்கிறார்கள்.

ஜெய்ப்பூரை எல்லோரும் எழுதியாயிற்று. ஹவா மகாலுக்கு எதிரே மாடியில் காபி குடித்துப் படமெடுத்துக்கொண்டு ஆமேருக்குப் போய்விட்டோம்.

ஆமேர் கச்வாஹாக்களின் ஊர். 1562இல் ராஜா பார்மல் தன் மகளை அக்பருக்குக் கொடுத்தார். அவள் வயிற்றில் பிறந்தவர் ஜஹாங்கீர். பார்மலின் பேரன் மான் சிங் அக்பரின் பெரிய தளபதி. ஆமேர் அரண்மனையை 1592இல் தொடங்கியவரும் அவரே. அவருக்குப் பின் மிர்சா ராஜா முதலாம் ஜெய் சிங் அழகழகாகச் சேர்த்தார். சீஷ் மகால் அவருடையது. 'முகலே ஆஸம்' படத்தில் மதுபாலா ஆடியது இங்கேதான் என்று ஒரு வழிகாட்டி அடித்துச் சொன்னார். அது பம்பாய் மோகன் ஸ்டுடியோவில் போட்ட செட். அந்தச் செட்டுக்கு முன்மாதிரியோ லாகூர்க் கோட்டையின் சீஷ் மகால். பெயராவது ஒன்றாக இருப்பதால் பாதிப் பொய்யை மன்னிக்கலாம். எதிரே சுக் நிவாஸ். சுவரின் சாய்ந்த கல்மேல் நீர் வழிந்து, தரையில் வெட்டிய வாய்க்காலில் ஓடி, தோட்டத்துக்குப் போகும். அதன்மேல் வரும் காற்று மண்டபத்தைக் குளிர்விக்கும். வரத்து எங்கே? கீழே மாவோட்டா ஏரி. அங்கிருந்து அடுக்கடுக்காகச் சக்கரம் பூட்டி, மாடுகளைக் கொண்டு நீரை மேலேற்றியிருக்கிறார்கள். அதற்கான உயர்ந்த கல் மேடைகளை அரண்மனையின் பக்கவாட்டில் இன்றும் பார்க்கலாம். யானைச் சவாரிக்கு நீண்ட வரிசை நின்றது. இந்தப் பக்கம் யாருமே இல்லை.

முகலாயச் சேவையில் கோட்டை காத்த ராஜபுத்திரர் என்றதும் அத்தான் சொந்த ஊர் ஞாபகத்துக்குப் போய்விட்டார். நம் செஞ்சியைக் காத்த தேசிங்கு ராஜாவும் அப்படி வந்தவர்தானே. புந்தேலா ராஜபுத்திரரான தேஜ் சிங்கைத்தான் நம் நாட்டுப்புறக் கதை தேசிங்கு என்கிறது. அவர் தகப்பனார் ஸ்வரூப் சிங் ஔரங்கசீப் காலத்தில் செஞ்சிக்குக் கிலேதார், அதாவது கோட்டைக் காவல் தலைவர், ஆனவர். அப்பா இறந்தபின் நவாபுக்குக் கப்பம் கட்ட மறுத்து, 1714இல் சின்ன வயதிலேயே போரில் விழுந்தார். செஞ்சியில் அவர் சிதை எரிந்ததாகச் சொல்லும் இடமும் ஒரு குளக்கரை, செட்டிகுளம். ராஜஸ்தான் மலையில் நின்றுகொண்டு அத்தான் தேசிங்குராஜன் கதைப்பாட்டை முணுமுணுத்தார். வேறு யாருக்கும் புரியாத மொழியில் பாடுவதற்கு அது நல்ல இடம்.

ஆமேருக்கு மேலே ஜெய்கர். பெரும்பாலோர் ஜெய்வான் பீரங்கிக்காக ஏறுகிறார்கள். 1720இல் இந்தக் கோட்டைப் பட்டறையிலேயே வார்த்தது, 50 டன் எடை, சக்கரத்தின் மேல் ஏற்றி வைத்த பீரங்கி. போரில் சுட்டதே இல்லை. சோதனைக்கு ஒரே ஒரு தடவை சுட்டார்கள். குண்டு சாக்ஸு என்ற ஊரில் போய் விழுந்து, விழுந்த பள்ளமே குளமாயிற்று என்று கதை. "வரத்தே இல்லாத குளம் இது ஒண்ணுதான்" என்றார் அத்தான்.

அவரைப் பிடித்து நிறுத்தியது பீரங்கிக்குச் சற்றுத் தள்ளியிருந்த தொட்டிகள். கோட்டை உச்சியில் ஆறு கிடையாது, ஊற்று கிடையாது. ஆரவல்லி மலைச்சரிவில் சுமார் 4 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வாய்க்கால் வெட்டி மழைநீரைக் கொண்டு வந்திருக்கிறார்கள். வழியில் இடையிடையே குழிகள். ஓடிவரும் நீர் குழியில் தங்கி, மணலையும் வண்டலையும் கீழே விட்டுவிட்டு, மேலாகத் தெளிந்து நகரும். கோட்டைக்கு வந்து சேரும்போது ஓரளவு சுத்தமாகியிருக்கும். பெரிய தொட்டியின் கொள்ளளவு 60 லட்சம் காலன் என்கிறார்கள். அத்தான் வாய்க்காலின் வாட்டத்தைக் கண்ணால் அளந்துகொண்டே மதிலோரம் நடந்தார். 4 கிலோமீட்டருக்கு மலைச்சரிவை ஒட்டி, வேகம் மிஞ்சாமலும் தேங்காமலும் ஒரே சீராக இறக்குவது சாதாரணக் காரியமில்லை என்றார். அதை வெட்டிய கொத்தனின் பெயரோ கணக்குப் போட்டவரின் பெயரோ எந்தப் பலகையிலும் இல்லை. பீரங்கிக்குப் பெரிய பலகை இருக்கிறது.

இந்தத் தொட்டிகள் நம் காலத்தில் ஒரு தடவை உலகச் செய்தியாயின. மான் சிங் ஆப்கன் படையெடுப்பில் கொண்டுவந்த செல்வத்தை அக்பருக்குத் தெரியாமல் தொட்டிகளுக்குக் கீழே புதைத்து வைத்தார் என்று தலைமுறை தலைமுறையாக ஒரு பேச்சு. அவசரநிலை நடந்த 1976இல் அரசாங்கம் அதை நம்பிவிட்டது. ஜெய்ப்பூர் ராஜமாதா காயத்ரி தேவி திகார் சிறையிலிருந்து வெளியே வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ராணுவப் பொறியாளர்கள் வந்தார்கள், கோட்டையை மாதக்கணக்கில் தோண்டினார்கள். பாகிஸ்தான் பிரதமர் புட்டோ இந்திரா காந்திக்குக் கடிதமே எழுதினார்: பிரிவினை ஒப்பந்தப்படி புதையலில் எங்களுக்கும் பங்கு உண்டு. புதையல் எதுவும் அகப்படவில்லை, சட்டப்படி உங்களுக்கு உரிமையும் இல்லை என்று பதில் போயிற்று. எங்களுக்கு இதைச் சொன்ன கோட்டைக் காவலாளி கண் சிமிட்டி, "கிடைத்தது ஹுக்கும், சொல்லவில்லை" என்றார். ஜெய்ப்பூரில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். மழை பெய்யாத சீமையில் உச்சி மலையில் 60 லட்சம் காலன் நீரைத் தேக்கி வைத்திருந்தவர்களிடம், தொட்டியை உடைத்துத் தங்கம் தேடியிருக்கிறார்கள்.

பதேபூர் சிக்ரியில் கேள்வியே தலைகீழாகிவிட்டது. அங்கே எந்த வழிகாட்டியும் நாம் கேட்காமலே சொல்லிவிடுவார்: தண்ணீர் இல்லாமல் அக்பர் இந்த ஊரை விட்டுப் போனார். பள்ளிப் புத்தகத்திலும் அதுவே. சாலை முழுக்க அதை நினைத்துக்கொண்டு போன எங்களுக்கு அங்கே பார்த்தது வேறு.

முதலில், சிக்ரி தண்ணீர் இருந்த ஊர். 1527இல் சித்தோர் ராணா சாங்காவை எதிர்க்க வந்த பாபர், சிக்ரி ஏரியைப் பார்த்து அங்கே பாளையம் இறங்கினார். ராணா முந்திக்கொண்டு தண்ணீரைப் பிடித்துவிடக் கூடாது என்பது அவர் கவலை. அடுத்த சில நாளில் பக்கத்துக் கான்வா களத்தில் சாங்கா தோற்றார். நாற்பது வருஷம் கழித்து சாங்காவின் மகனுடைய சித்தோரை முற்றுகையிட்டவர் பாபரின் பேரன். அந்தப் பேரன் 1571இல் இதே சிக்ரியில், தனக்குப் பிள்ளை பிறக்கும் என்று வாக்குச் சொன்ன சலீம் சிஷ்டியின் குன்றில், ஊரையே எழுப்பினார். ஏரிக்கு அணையிட்டுப் பெரிதாக்கினார். ஹாத்தி போல் வாசலருகே பெரிய படிக்கிணறும், சக்கரங்கள் பூட்டி நீரேற்றிய கட்டடமும் இன்னும் நிற்கின்றன. அங்கிருந்து கல் வாய்க்கால் அரண்மனைக்குள் போகிறது. அனூப் தலாவ் குளம், குளியல் கூடங்கள், நீர்த்தோட்டம் எல்லாம் அதில் நிரம்பியவை. 1582இல் ஏரிக்கரை உடைந்தது உண்மை. ஆனால் 1585இல் அக்பர் கிளம்பியது லாகூருக்கு. காபூலை ஆண்ட அவருடைய தம்பி மிர்சா ஹக்கிம் அந்த வருஷம் இறந்தார். வடமேற்கு எல்லையைப் பிடித்து வைக்க அங்கே இருக்க வேண்டியிருந்தது. பல வருஷம் திரும்பவில்லை. திரும்பியபோது ஆக்ராவிலே தங்கிவிட்டார். 1619இல் ஆக்ராவில் கொள்ளைநோய் வந்தபோது ஜஹாங்கீர் சிக்ரிக்கு வந்து சில மாதம் தங்கினார். அப்போதும் ஏரி இருந்ததை நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

ஆகவே தண்ணீர்க் கதையை நான் பாதி விலைக்கே வாங்குகிறேன். கூட்டத்துக்கு ஒரே வரியில் சொல்ல வசதியான காரணம் அது. அத்தான் என்னைவிட நியாயவான். "ஏரி ஒடஞ்சா அடைக்கலாம். அடைக்க ராசா ஊர்ல இருக்கணும்" என்றார். ஹிரண் மினார் கோபுரத்தருகே நின்றால் ஏரி இருந்த பள்ளம் கண்ணுக்கெட்டிய மட்டும் வயலாகத் தெரிகிறது. நாங்கள் போன மாதத்தில் கடுகு பூத்திருந்தது.

ஆக்ரா கோட்டையில் இந்தப் பயணத்தின் கேள்விக்கு மிகக் கொடூரமான பதில் காத்திருந்தது. 1565இல் தொடங்கி அக்பர் கட்டிய சிவப்புக் கோட்டை. மதில் உயரம் 70 அடி. ஒரு பக்கம் யமுனை. ஜஹாங்கீரி மகாலுக்குள் போனால் தாங்குகட்டைகளும் விதானமும் ஆமேரில் விட்டுவந்த ராஜபுத்திரத் தச்சு வேலையைக் கல்லில் செய்தது போலிருக்கும். வாசலில் ஒரே கல்லில் குடைந்த ஆளுயரக் குளியல் தொட்டி. உள்ளே ஷாஜஹானின் வெள்ளை மண்டபங்கள், அவர் எட்டு வருஷம் சிறையிருந்து தாஜ்மகாலைப் பார்த்துக்கொண்டே 1666இல் இறந்த எண்கோண மாடம். எல்லாச் சுற்றுலாக்காரர்களும் அங்கே பெருமூச்சு விடுகிறார்கள். அவர் எப்படிச் சிறைப்பட்டார் என்று கேட்பவர் குறைவு.

1658இல் சாமூகர்ப் போரில் தன் அண்ணன் தாரா ஷுகோவைத் தோற்கடித்துவிட்டு ஔரங்கசீப் ஆக்ராவுக்கு வந்தார். தகப்பன் ஷாஜஹான் கோட்டைக் கதவுகளைச் சாத்திக்கொண்டார். அந்த மதிலைப் பீரங்கியால் அசைக்க முடியவில்லை. கொள்ளுத்தாத்தாவின் தாத்தன் பாபரைப் போல ஔரங்கசீப்பும் தண்ணீரைத்தான் பார்த்தார். யமுனைப் பக்கத்துச் சின்ன வாசலைப் பிடித்தார். கோட்டைக்கு ஆற்றுநீர் நின்றது. உள்ளே கிணறுகள் இருந்தன, நீர் கரித்தது. ஜூன் மாதத்து ஆக்ரா வெயிலை அனுபவித்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. இறந்துபோன முன்னோர்களுக்கும் நீர் விடுகிற இந்துக்களை எடுத்துக்காட்டி, உயிரோடிருக்கும் அப்பனுக்கு நீர் மறுக்கிறாயே என்று ஷாஜஹான் மகனுக்கு எழுதியதாக வரலாற்று நூல்களில் வருகிறது. மூன்று நாளில் கதவு திறந்தது. அக்பருக்குச் சித்தோரில் நாலு மாதமும் வெடிமருந்தும் தேவைப்பட்டன.

அத்தான் ஆற்றுப்பக்க மதிலோரம் நின்று வெகுநேரம் பார்த்தார். கோட்டைக்கும் யமுனைக்கும் நடுவே இப்போது சாலை ஓடுகிறது. ஆறு ஒதுங்கி, மெலிந்து, கறுத்துக் கிடந்தது. எருமைகள் மட்டும் இறங்கியிருந்தன.

ஆக்ராவின் கிணற்றுநீர் அக்பருக்கும் பிடித்ததில்லை. அவர் எங்கிருந்தாலும் கங்கைநீர்தான் குடிப்பார் என்று அயினி அக்பரி சொல்கிறது. ஆக்ராவிலோ பதேபூரிலோ இருந்தால் கங்கைக்கரைச் சோரோனிலிருந்து, நம்பிக்கையான ஆட்கள் முத்திரையிட்ட ஜாடிகளில் கொண்டு வருவார்கள். சமையலுக்கு மழைநீரோ யமுனைநீரோ ஆகும், அதிலும் கொஞ்சம் கங்கை கலக்க வேண்டும். குளிர வைக்க வெடியுப்பு. எங்கள் விடுதியில் பரிமாறிய பையனிடம் அத்தான் வழக்கம்போல விசாரித்ததில், ஊர்க் குழாயில் வருவதும் கங்கைதான் என்று தெரிந்தது. புலந்த்ஷஹர் மாவட்டத்தில் மேல் கங்கைக் கால்வாயிலிருந்து 130 கிலோமீட்டருக்குக் குழாய் போட்டு ஆக்ராவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். முத்திரை மட்டும் இல்லை. பையன் ஜக்கிலிருந்து ஊற்றினான், அத்தான் குடித்துப் பார்த்து, குளோரின் கொஞ்சம் தூக்கல் என்றார்.